தறிக்கு ஒரே ஒரு நாள் லீவு... ஆரணிக்குப் பக்கத்திலேயே ஒரு கோடை மலை!

முழு ஆண்டுத் தேர்வு முடிந்ததும் வீட்டுக்கு வீடு கேட்கும் கேள்வி ஒன்றுதான்... 'இந்த வருஷம் லீவுக்கு எங்கே போறோம்?' செல்போனைத் திறந்தால் குல்மார்க் பனிச்சறுக்கு, மணாலி பனிமனிதன் என ரீல்ஸ் வரிசை கட்டுகின்றன. ஆனால், ஆரணியின் பட்டு நெசவாளர் வீடுகளில் இந்தக் கேள்விக்குச் சட்டென்று பதில் வராது. காசு மட்டும் அதற்குக் காரணம் இல்லை, காலண்டரும்தான்!

பிள்ளைகளுக்கு லீவு, தறிக்கு சீஸன்

சித்திரை, வைகாசி என்றால் முகூர்த்தங்களின் காலம். பட்டுச் சேலைக்குத் தேவை கூடும் நேரம். பெரும்பாலான நெசவாளர்களுக்குச் சேலைக் கணக்கில்தான் கூலி என்பதால், தறியில் உட்காராத நாளுக்கு வருமானம் இல்லை. அதிலும் நெசவு ஒருவர் மட்டும் பார்க்கும் வேலை கிடையாது. ஒருவர் தறியில் இருந்தால், இன்னொருவர் தார் சுற்றித் தர வேண்டும். குடும்பத்தோடு ஊருக்குக் கிளம்பினால் மொத்த வேலையும் அப்படியே நிற்கும்.

ஆடி மாதம் பிறந்தால் கல்யாணங்கள் இல்லை, வேலையும் மட்டுப்படும். ஆனால், அதற்குள் பள்ளிக்கூடம் திறந்துவிடும். பிள்ளைகள் சும்மா இருக்கும்போது தறி சும்மா இருப்பதில்லை. தறி ஓயும்போது பிள்ளைகளுக்கு ஓய்வில்லை.

இதற்கு நடுவில் ஒரு சின்ன இடைவெளி உண்டு. ஒரு பாவு நெய்து முடித்து, அடுத்த பாவைத் தறியில் ஏற்றுவதற்கு முன் கிடைக்கும் அவகாசம்தான் அது. அந்த ஒரு நாள் போதும், ஒரு மலைக்குப் போய்த் திரும்பிவிடலாம்.

பனிக்கு எவ்வளவு தூரம்?

முதலில் ரீல்ஸ் கணக்கைப் பார்த்துவிடுவோம். காஷ்மீரின் குல்மார்க் சுமார் 2,650 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கே பனிச்சறுக்கு சீஸன் டிசம்பர் முதல் மார்ச் வரைதான். மே மாதம் போனால் கீழே பச்சைப் புல்வெளியைத்தான் பார்க்க முடியும். பனியைத் தொட வேண்டும் என்றால், கொண்டோலா எனும் ரோப் காரில் 3,900 மீட்டருக்கும் மேலே ஏற வேண்டும். உத்தரகாண்டின் ஔலியிலும் கோடையில் சறுக்குத் தளங்கள் புல்வெளியாகிவிடும். ஆரணியிலிருந்து ரயிலில் காஷ்மீர் போய் வரவே நான்கைந்து நாள்கள் கரைந்துவிடும்.

ஊட்டி, கொடைக்கானல் பக்கம்தானே என்றால், அங்கும் முன்னேற்பாடு வேண்டும். சென்னை உயர் நீதிமன்ற உத்தரவின்படி 2024 மே 7 முதல் இரண்டு ஊர்களுக்கும் இ-பாஸ் முறை வந்தது. 2025 கோடையில் ஊட்டிக்கு வார நாள்களில் 6,000, வார இறுதியில் 8,000 வாகனங்கள் என்று வரம்பும் விதிக்கப்பட்டது. ஒரே நாளில் போய்த் திரும்பும் தூரமும் இல்லை.

கைக்கெட்டும் தூரத்தில் ஜவ்வாது மலை

கிழக்குத் தொடர்ச்சி மலையின் ஒரு பகுதியான ஜவ்வாது மலை திருவண்ணாமலை, வேலூர், திருப்பத்தூர் மாவட்டங்களில் பரந்து கிடக்கிறது. ஆரணியிலிருந்து போளூர் வழியாக மலைமேல் இருக்கும் ஜமுனாமரத்தூருக்கு ஏறத்தாழ இரண்டு மணி நேரப் பயணம். சொந்த வண்டி இல்லாதவர்கள் போளூர் போய் அங்கிருந்து மலைக்குப் பேருந்து பிடிக்கலாம்.

ஊட்டி மாதிரி ஸ்வெட்டர் போடும் குளிரை எதிர்பார்த்துப் போகாதீர்கள். பொதுவாக 1,000 மீட்டர் ஏறினால் ஆறு டிகிரி அளவுக்கு வெப்பம் குறையும். ஊட்டியின் உயரம் சுமார் 2,240 மீட்டர். ஜவ்வாது மலையில் உள்ள காவலூரின் உயரம் 725 மீட்டர்தான். கீழே 40 டிகிரி கொளுத்தும் அக்னி நட்சத்திர நாளில், மேலே நான்கைந்து டிகிரி குறைவாக இருக்கும். பகலில் வெயில் தெரியும். ஆனால், மரநிழலும் மாலைக் காற்றும் அந்த வித்தியாசத்தை நன்றாகவே உணர்த்திவிடும்.

என்னென்ன பார்க்கலாம்?

கோலப்பன் ஏரி: ஜமுனாமரத்தூர் அருகே இருக்கும் இந்த ஏரியில் படகு சவாரி உண்டு. குழந்தைகளோடு வருபவர்களின் முதல் நிறுத்தம் இதுதான்.

பீமன் நீர்வீழ்ச்சி: மழைக்காலத்தில்தான் இதன் அழகே. மே மாதத்தில் தண்ணீர் மெலிந்திருக்கும், சில சமயம் பாறைதான் மிஞ்சும். அருவிக் குளியல் என்று பிள்ளைகளிடம் முன்கூட்டியே வாக்குக் கொடுத்துவிடாதீர்கள்!

காவலூர் வானாய்வகம்: இந்தப் பயணத்தின் நட்சத்திரம் இதுதான். இங்குள்ள 2.34 மீட்டர் வைணு பாப்பு தொலைநோக்கியை 1986 ஜனவரி 6 அன்று அப்போதைய பிரதமர் ராஜீவ் காந்தி திறந்துவைத்தார். இந்தியாவிலேயே வடிவமைத்து உருவாக்கப்பட்ட தொலைநோக்கி இது. 1977-ல் யுரேனஸ் கோளைச் சுற்றி வளையங்கள் இருப்பதை உலகம் அறிந்தபோது, அந்த ஆய்வில் காவலூரின் 1 மீட்டர் தொலைநோக்கிக்கும் பங்கு இருந்தது. சனிக்கிழமைகளில் பொதுமக்களை அனுமதிப்பது வழக்கம். நேரத்தையும் அனுமதியையும் இந்திய வான் இயற்பியல் நிறுவனத்தின் இணையதளத்தில் பார்த்துவிட்டுக் கிளம்புங்கள். பாவு முடியும் நாள் சனிக்கிழமையாக அமைந்தால் அதிர்ஷ்டம்தான்.

அரசு சார்பில் ஜமுனாமரத்தூரில் கோடை விழாவும் நடத்தப்படுவதுண்டு. தேதி ஆண்டுக்கு ஆண்டு மாறும் என்பதால், மாவட்ட நிர்வாகத்தின் அறிவிப்பைக் கவனியுங்கள்.

மலைக்காரர்களின் கையிலிருந்தே வாங்குங்கள்

ஜவ்வாது மலையில் பெரும்பான்மையாக வாழ்பவர்கள் மலையாளி பழங்குடி மக்கள். சாமை, தேன், புளி, பலா எல்லாம் அவர்களின் உழைப்பில் விளைபவை, சேகரிக்கப்படுபவை. கோடை என்றால் பலாப்பழ சீஸனும்கூட. நாள் முழுக்கத் தறியில் உட்கார்ந்து நெய்த சேலையைக் கடையில் அடிமாட்டு விலைக்குக் கேட்டால் எப்படி வலிக்கும் என்பது ஆரணிக்காரர்களுக்குத் தெரியாததா? மலையில் சாமைக்கும் தேனுக்கும் பேரம் பேசும்போது அதை நினைத்துக்கொள்ளலாம்.

இரண்டு மணி நேரமும் அதிகம் என்றால்...

படவேடு ரேணுகாம்பாள் கோயிலும், அதன் அருகே கமண்டல நதியில் கட்டப்பட்ட செண்பகத்தோப்பு அணையும் இன்னும் பக்கம். கண்ணமங்கலம் வழியாகப் போனால் ஜவ்வாது மலை அடிவாரத்தில் அமிர்தி வன உயிரியல் பூங்கா. சின்னப் பிள்ளைகள் இருக்கும் வீடுகளுக்கு இது பொருத்தம்.

கூடுதலாகப் பயணிக்கத் தயார் என்றால், 14 கொண்டை ஊசி வளைவுகள் ஏறி ஏலகிரி போகலாம். ஆரணியிலிருந்து சுமார் மூன்று மணி நேரம் ஆகும் என்பதால் விடியற்காலையிலேயே கிளம்பினால்தான் இரவுக்குள் வீடு திரும்ப முடியும்.

கிளம்பும் முன் கவனிக்க...

* பெட்ரோலைப் போளூரிலேயே நிரப்பிக்கொள்ளுங்கள். மலைச் சாலையில் சில இடங்களில் செல்போன் சிக்னல் கிடைக்காது.

* காலை 6 மணிக்குள் புறப்பட்டால் வெயில் ஏறும் முன் மலை ஏறிவிடலாம். இருட்டும் முன் இறங்கிவிடுவது நல்லது. காவலூரில் இரவு வானம் பார்க்கும் திட்டம் என்றால் தங்குமிடத்தை முன்பே உறுதிசெய்யுங்கள்.

* புளியோதரை, தயிர்சாதம், தாராளமாகக் குடிநீர் கையில் இருக்கட்டும். காட்டுக்குள் அடுப்பு மூட்ட வேண்டாம். கோடையில் ஒரு சின்னப் பொறி போதும், காடு பற்றிக்கொள்ள.

* வளைவுகளில் வாந்தி வரும் பிள்ளைகளுக்குக் காலையில் அரை வயிறு சாப்பாடு போதும்.

* பிளாஸ்டிக் பாட்டில், தட்டுகளைத் திரும்பக் கீழே கொண்டுவந்துவிடுங்கள்.

மலைக்கும் ஊருக்கும் ஓர் ஆறு

ஆரணி வழியாக ஓடும் கமண்டல நாக நதி, ஜவ்வாது மலையில் பிறந்து வருவதுதான். ஆண்டின் பெரும்பகுதி மணலாகக் கிடக்கும் அந்த ஆற்றில் எப்போதாவது வெள்ளம் வந்தால், அது இந்த மலையில் பெய்த மழை. மலையில் காடு நன்றாக இருந்தால்தான் கீழே கிணற்றில் தண்ணீர் ஊறும்.

கோடையில் ஒரு நாள் போய்ப் பார்த்துவிட்டு வந்தவர்கள், ஆடியில் தறி ஓய்ந்த பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை மறுபடியும் ஏறலாம். மழை கைகொடுத்திருந்தால், மே மாதம் ஏமாற்றிய பீமன் நீர்வீழ்ச்சியில் அப்போது தண்ணீர் கொட்டும்!