தாத்தாவுக்கு 58, எனக்கு 84!

எங்க தாத்தா 30 வருஷமா தென்காசியிலிருந்து குற்றாலத்துக்குச் சைக்கிளில்தான் போறார். அவர் நாடியை எண்ணினேன்: நிமிடத்துக்கு 58. பஸ்ஸில் போகும் எனக்கு 84! சின்ன வயசில் கொஞ்சம் கூடுதலா இருக்கும்தான். ஆனாலும் வெட்கமாப் போச்சு.

இதயத் தசைச் செல்கள் புதிதாகப் பிறப்பது அபூர்வம். 25 வயதிலேயே ஆண்டுக்குச் சுமார் 1 சதவீதம்தான் என்று 2009-ல் சுவீடன் விஞ்ஞானிகள் கண்டறிந்தார்கள். ஆகவே இருக்கிற செல்லைத்தான் பலப்படுத்தணும்.

தினமும் உடற்பயிற்சி செய்தால் பிஜிசி-1 ஆல்ஃபா என்ற புரதம் கூடும். செல்லின் 'பவர் ஹவுஸ்' மைட்டோகாண்ட்ரியா பெருகும். ஐ.ஜி.எஃப்-1 தரும் செய்தியால் செல்லும் அளவாக வளரும். ஒரே துடிப்பில் நிறைய ரத்தம் போவதால் துடிப்பு குறையும்.

விட்டுட்டா சில வாரத்திலேயே பலன் குறைஞ்சிடும்! நாளை முதல் நானும் சைக்கிள்தான். நீங்க?