மணிக்கூட்டில் யாருடைய நேரம்?

வளைகுடா நாடுகளைப் பற்றி எம்மவர் எழுதும்போது கூலி, முகவர், கடவுச்சீட்டு என்ற மூன்றையும் தாண்டுவது அரிது. எழுதவேண்டியவைதான். ஆயினும் அங்கு பழம்பொருட் கடைகளில் கிடப்பவற்றையும், அங்கிருந்து பெட்டி கட்டி ஊருக்கு வந்தவற்றையும் எண்ணிப் பார்த்தால் இன்னொரு வரலாறும் தட்டுப்படுகிறது. தட்டிலும் மேசையிலும் வைக்கவென்று செய்யப்பட்ட வேடிக்கை மணிக்கூடுகளை வைத்து அதைச் சொல்லிப் பார்க்கிறேன். நேரம் காட்டுவது இவற்றுக்குப் பாதி வேலை. மறு பாதி, வீட்டுக்கு வந்தவரை வாய்பிளக்க வைப்பது.

சார்ஜாவின் மத்திய சந்தை, மஸ்கற்றின் முத்ரா, டோகாவின் வாகிப், குவைத்தின் வெள்ளிச் சந்தை ஆகியன பழம்பொருள் தேடுவோர் சுற்றும் இடங்கள். (கணப்படுப்பையே அறியாத வெக்கையில் கணப்படுப்பின் மேல் வைக்கும் மணிக்கூட்டுக்கு என்ன வேலை என்று கேட்கலாம். சேகரிப்போர் அப்படிக் கேட்பதில்லை.) இவ்வகையில் பெயர்பெற்றது ஜேர்மனியின் ஜங்ஹான்ஸ் தொழிற்சாலை 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் செய்த யானை. தூக்கிய தும்பிக்கையில் மணிக்கூடும் ஊசலும் ஒரே உடலாகத் தொங்கி ஆடும். எது அதை ஆட்டுகிறது என்பது வெளியே தெரியாது. மணிக்கூட்டின் வயிற்றுக்குள் இன்னொரு சிறிய ஊசல் எதிர்த்திசையில் ஆடி, ஒவ்வொரு வீச்சுக்கும் சிறு உந்தலைக் கொடுக்கிறது. மர்மம் அவ்வளவுதான்.

வாங்குபவர் ஏமாறும் இடங்கள் மூன்று. வெண்கலம் என்று விற்கப்படும் யானை பெரும்பாலும் துத்தநாகக் கலவை. அடிப்பக்கம் மெல்லச் சுரண்டினால் வெண்கலம் மஞ்சளாகத் தெரியும், துத்தநாகம் சாம்பல் நிறமாகும். அடுத்தது, ஒரு யானைக்கு வேறொரு மணிக்கூட்டைக் கலியாணம் செய்துவைப்பது. இந்தக் கலியாணம் எல்லாச் சந்தைகளிலும் நடக்கிறது. மூன்றாவது, பழைய பொறியைக் கழற்றி எறிந்துவிட்டு பற்றரிப் பொறியைப் பொருத்துவது. இதை நான் மோசடி என்பதிலும் கொலை என்றே சொல்வேன்.

யானைக்கும் மணிக்கூட்டுக்கும் உள்ள உறவு ஐரோப்பியர் கண்டுபிடித்ததல்ல. தியார்பக்கிரில் ஆர்த்துக்கிட் அரசவையில் பணிபுரிந்த அல்-ஜஸரி 1206இல் முடித்த பொறியியல் நூலில் யானை மணிக்கூடு ஒன்றை விவரித்திருக்கிறார். துபாயில் 2005இல் திறக்கப்பட்ட இப்னு பதூதா வணிக வளாகத்தின் இந்தியப் பகுதியில் அதன் பெரிய மாதிரி நிற்கிறது. யானை இந்தியாவையும் நாகம் சீனாவையும் குறிப்பதாக விளக்கம் சொல்வார்கள். எனக்கு முக்கியமாகப் படுவது யானையின் வயிற்றுக்குள் இருக்கும் நீர்த்தொட்டி. அடியில் துளையிட்ட பாத்திரம் ஒன்று அதில் மிதந்து, நீர் நிறைந்து, அரை மணிக்கு ஒருமுறை அமிழ்கிறது. அமிழும்போது மேலிருந்து ஒரு உருண்டை விழ, நாகம் தாழ, பாகன் அடிக்கிறான். அமிழும் பாத்திரம் எமக்குப் புதிதல்ல. நாழிகை வட்டில் என்று நாம் அழைத்தது இதே தத்துவத்தைத்தான். அரை மணிக்குப் பதிலாக 24 நிமிடம், அவ்வளவே வேறுபாடு. ஆடைக் கடைகளுக்கு நடுவில் நிற்கும் அந்த யானையைக் கடந்துபோகும் எம்மவருக்கு இதை யார் சொல்லப்போகிறார்கள்?

சேகரிப்போர் குறைவாகப் பேசும் விடயம் ஒன்றுண்டு: அந்த மணிக்கூடு எந்த நேரத்தைக் காட்டியது என்பது. அரபுத் தீபகற்பத்தில் 20ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதிவரை இரண்டு நேரங்கள் புழங்கின. ஒன்று நண்பகலை அடியாகக் கொண்ட ‘ஸவாலி’. மற்றது ‘குரூபி’, அதாவது அஸ்தமன நேரம். சூரியன் மறையும்போது 12 மணி. அதற்குப் பிறகு ஒரு மணிநேரம் கழிந்தால் ஒரு மணி. துபாயில் நவம்பர் இறுதியில் 5.30 அளவில் மறையும் சூரியன் யூலைத் தொடக்கத்தில் 7.13 அளவில் மறைகிறது. நாளுக்கு ஒரு நிமிடத்துக்கும் குறைவான நகர்வுதான். ஆனால் பொறி அதை அறியாது. ஆகவே மாலையில் முள்ளைத் தொட்டுச் சரிசெய்ய ஒரு கை வேண்டும். துருக்கி 1926இன் தொடக்கத்துடன் இம்முறையைச் சட்டத்தால் கைவிட்டது. வளைகுடாவில் எண்ணெயும் விமானமும் இதைக் கரைத்தன.

இப்படிப்பட்ட மணிக்கூட்டை வாங்கி, அரபு எண்கள் தேய்ந்த முகத்தை நீக்கி, பளபளக்கும் உரோம எண் முகத்தைப் பொருத்தி, திருத்தியவர்கள் பின்பலகையில் கீறிவைத்த திகதிகளையும் மினுக்கித் துடைத்துவிடுகிறவர்கள் இருக்கிறார்கள். விலை ஏறுகிறது. அது யாருடைய மாலையைக் காட்டியது என்ற தகவல் போய்விடுகிறது.

எமக்கு இது அந்நியமான பிரச்சினை அல்ல. மின்சாரத் தட்டுப்பாட்டைக் காரணம் காட்டி இலங்கை அரசு 1996 மே 25இல் நேரத்தை ஒரு மணி முன்தள்ளி, ஒக்டோபரில் அரை மணி பின்வாங்கியது. விடுதலைப் புலிகளின் கட்டுப்பாட்டுப் பகுதி இரண்டையும் ஏற்கவில்லை. துபாயில் நின்று பார்த்தால் கொழும்பு இரண்டு மணி முன்னால், வன்னி ஒன்றரை மணி முன்னால். ஏ9 பாதை 2002இல் திறந்தபின் ஓமந்தையைக் கடந்தவர்கள் மணிக்கூட்டை அரை மணி பின்னுக்குத் திருப்பினார்கள். 2006 ஏப்ரலில் அரசு பழைய நேரத்துக்குத் திரும்பும்வரை இது நீடித்தது. இரண்டு நேரத்திலும் அதிகாரம் இருந்தது. மக்களைக் கேட்டு வைத்த நேரம் எதுவும் இருக்கவில்லை.

அடுத்த தலைமுறைச் சேகரிப்பாளர் தேடப்போவது, என் ஊகத்தில், வளைகுடாவிலிருந்து தொழிலாளர் கொண்டுவந்த பிளாஸ்ரிக் பள்ளிவாசல் மணிக்கூடு. குவிமாடம், இரண்டு மினாரத்துகள், நடுவே சிறிய முகம், அலாரத்துக்குப் பதிலாகப் பாங்கொலி. நூறு வயதாகவில்லை என்பதால் இன்று அதைப் பழம்பொருள் என்பாரில்லை. மலிவான இரசனை என்று சிரிப்பவர்களும் எம்மிடையே உண்டு. மத்திய கிழக்குக்குப் போனவர்கள் இருந்த எந்த முஸ்லிம் ஊரிலும் அது ஒரு வீட்டின் உழைப்புக்குச் சாட்சியாகத் தட்டில் இருந்தது. யாழ்ப்பாண நகரின் முஸ்லிம்கள் 1990 ஒக்டோபர் 30இல் இரண்டு மணிநேர அவகாசத்தில் விடுதலைப் புலிகளால் வெளியேற்றப்பட்டார்கள். வளைகுடாப் பணத்தில் சேர்ந்த பொருட்கள் வீடுகளிலேயே நின்றுவிட்டன. அவை பின்னர் யாருடைய அலுமாரிகளுக்குப் போயின என்பது இச்சஞ்சிகையைப் படிக்கும் எம்மில் சிலருக்குத் தெரிந்தே இருக்கும்.

அப்படியொரு மணிக்கூடு உங்கள் உறவினர் வீட்டில் இருந்தால் பற்றரியை மாற்றுவதற்கு முன் அடிப்பலகையைத் திருப்பிப் பாருங்கள். ஒரு பெயரோ, ஒரு வருடமோ, ஒரு தெருவோ எழுதப்பட்டிருந்தால் அழிக்காதீர்கள்.