பள்ளியிலிருந்து வரும் செய்தி

காலையில் பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பிவிட்டால் மாலை வரையில் அதன் உடல்நிலையைக் கவனிப்பவர் பள்ளிச் செவிலியர். செவிலியர் இல்லாத பள்ளிகளில் வகுப்பு ஆசிரியர். அவர் எதுவரையில் தாமே பார்த்துக்கொள்வது, எந்தக் கட்டத்தில் பெற்றோருக்குச் சொல்லியனுப்புவது என்பது எளிதில் தீர்க்கக்கூடிய கேள்வியன்று. சிறு தலைவலிக்கெல்லாம் தகப்பனாரைத் தொழிற்சாலையிலிருந்து வரவழைத்தால் அவருக்கு அரைநாள் ஊதியம் போகும். சொல்லாமல் விட்டாலோ, சில வேளைகளில் ஈடுசெய்ய இயலாதது போய்விடும்.

இதனைப் புனே நகரத்தார் நன்கு அறிவர். 2009-ஆம் ஆண்டு ஜூலை மாதத்தில் அந்நகரத்துப் பள்ளி மாணவி ஒருத்திக்குத் தொண்டை வலியும் தலைவலியும் கண்டன. மருத்துவரிடம் காட்டியதில் குணம் தெரிந்தது. 23-ஆம் தேதி பள்ளிக்குத் திரும்பினாள். 25-ஆம் தேதி காய்ச்சல் மீண்டும் வந்தது. ஆகஸ்டு 3-ஆம் தேதி அவள் உயிர் நீத்தாள். பன்றிக் காய்ச்சல் எனப்பட்ட புதிய இன்ஃபுளுவென்ஸாவினால் இந்தியாவில் நேர்ந்த முதல் மரணம் அதுவே. விரைவில் நகரத்துப் பள்ளிகள் மூடப்பட்டன. மாநகராட்சியின் நாயுடு மருத்துவமனை வாயிலில் மக்கள் நீண்ட வரிசையில் நின்றனர்.

அன்று நோயே புதிது. எவர்மீதும் குறை கூறுவது நம் நோக்கமன்று. ஆனால் தணிந்த காய்ச்சல் இரண்டொரு நாளில் திரும்புவது இந்நோயில் ஓர் அபாய அறிகுறி என்பதை நாம் இன்று அறிவோம். முதற் காய்ச்சல் வீட்டாருக்குத் தெரியும். இரண்டாவது பள்ளியில் கண்டால் அது செவிலியருக்குத் தெரியும். இவ்விரண்டையும் ஒருவர் சேர்த்துப் பார்த்தாலன்றி அபாயம் புலப்படாது. பெற்றோரை அழைக்க வேண்டியதன் உண்மையான காரணம் இதுதான். வெறுமனே பிள்ளையை வீட்டுக்குக் கூட்டிப்போகச் சொல்வதற்காக அன்று.

தலையில் அடிபட்டாலும் இதே கதைதான், திசை மட்டும் மாறுகின்றது. மைதானத்தில் விழுந்த சிறுவன் ஐந்து நிமிடத்தில் எழுந்து ஓடுகின்றான், செவிலியரும் மறந்துவிடுகின்றார். இரவு அவன் வாந்தியெடுக்கும்போது, விழுந்த செய்தி அறியாத தாய், மத்தியான உணவு ஒத்துக்கொள்ளவில்லை என்று எண்ணிக் கஷாயம் கொடுத்துத் தூங்க வைப்பாள். ஆகையால் தலையில் பட்ட அடி எத்தனை சிறியதாயினும் அன்றே வீட்டுக்குச் செய்தி போகவேண்டும்.

2025-ஆம் ஆண்டின் தொடக்கத்தில் புனேயின் சிங்ககட் சாலைப் பகுதியிலும் சுற்றுப்புறங்களிலும் கிலன் பாரே என்னும் நரம்பு நோய் ஏறத்தாழ 200 பேரைத் தாக்கிற்று. பலருக்கு முதலில் வயிற்றுப்போக்கு. அது நின்றபின் கால்களில் மரமரப்பு, பிறகு தளர்ச்சி. வயிற்றுப்போக்கை வீடு கண்டிருக்கும். மாடிப்படி ஏறத் தள்ளாடுவதைப் பள்ளி முதலில் காணக்கூடும்.

பெற்றோரைத் தேடிக் காலம் கடத்தலாகாத வேளைகளும் உண்டு. மூச்சுத் திணறல், நினைவிழத்தல், ஐந்து நிமிடத்துக்கு மேல் நீடிக்கும் வலிப்பு, ஏதேனும் உண்டபின் முகம் வீங்குதல் இவற்றிற்கு முதலில் 108; பிறகே வீடு. வீட்டிலேயே தான் துன்புறுத்தப்படுவதாகப் பிள்ளை சொல்லுமானால் பெற்றோரை அழைப்பது விபரீதமாகலாம். அங்கே 1098 உதவும். சாதாரணக் காய்ச்சலுக்கு 100.4 டிகிரி என்பதை எல்லையாகக் கொள்வது வழக்கம். மருந்தின்றி 24 மணி நேரம் காய்ச்சல் இல்லாதிருந்த பிறகே பள்ளிக்கு அனுப்புதல் நலம். கரும்பலகை தெரியாமல் பக்கத்துப் பிள்ளையின் நோட்டைப் பார்த்து எழுதுவது போன்றவற்றை அந்த வாரத்திற்குள் சொன்னாற் போதும்.

நம்மவர்க்கு இன்னொரு தொல்லை மொழி. கட்கியிலும் தேஹு ரோட்டிலும் தலைமுறைகளாக வாழும் தமிழர்களுக்கு மராத்தி சரளம். புதிதாகக் குடிவந்த தாய்க்கோ தொலைபேசியில் 'தாப்' என்றால் காய்ச்சல், 'உல்டி' என்றால் வாந்தி, 'சக்கர்' என்றால் தலைச்சுற்றல் என்பது விளங்காது. 'சக்கர்' என்றதும் சர்க்கரை வியாதியென்று பதறுவதும் கூடும்! முடிவில் நோயுற்ற பிள்ளையே தன் நோய்க்கு மொழிபெயர்ப்பாளனாகின்றது. "ஒன்றுமில்லையம்மா" என்று அது சொல்லிவிட்டால் பேச்சு அத்துடன் முடிந்தது.

இத்தொல்லை புதிதன்று. 1902-இல் நியூயார்க் நகரில், அயல்நாட்டிலிருந்து குடியேறியோர் நிறைந்த பகுதிகளில், நோய்கண்ட பிள்ளைகளைச் சீட்டுடன் வீட்டுக்கு அனுப்பிவந்தனர். சீட்டு விளங்காத வீடுகள் பல. அவ்வாண்டு அக்டோபரில் லினா ராஜர்ஸ் என்ற செவிலியர் நான்கு பள்ளிகளின் பொறுப்பேற்று, வீடு வீடாகச் சென்று தாய்மாரிடம் நேரில் சொன்னார். ஓராண்டில், வீட்டுக்கு அனுப்பப்பட்ட பிள்ளைகளின் தொகை ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்காகக் குறைந்தது.

இன்று செவிலியர் நம் வாயிற்படிக்கு வருவார் என்று எதிர்பார்ப்பதற்கில்லை. 2013-இல் தொடங்கிய தேசியச் சிறார் நலத் திட்டத்தின் மருத்துவக் குழு அரசுப் பள்ளிகளுக்கு ஆண்டுக்கு ஒருமுறை வருவதோடு சரி. எனவே ஜூன் மாதம் பள்ளி திறக்கும்போதே இரண்டு எண்களை எழுதிக் கொடுத்துவிடுவோம்: ஒன்று நம்முடையது, மற்றொன்று மராத்தியோ ஹிந்தியோ நன்கறிந்த அண்டை வீட்டாருடையது, அவருடைய சம்மதத்தோடு. பிள்ளைக்கு ஆஸ்துமா, வலிப்பு, ஒவ்வாத உணவு இருந்தால் அதையும் அதே தாளில் எழுதவேண்டும். கைபேசி எண் மாறினால் அன்றே தெரிவிக்கவேண்டும். முந்தைய நாள் காய்ச்சலோ வயிற்றுப்போக்கோ இருந்ததெனில், காலையில் பிள்ளையின் கையில் ஒரு வரிச் சீட்டு.