முறிந்த வில்லும் உரிமையாளரின் முறையீடும்

மோட்டார் வண்டியின் கூண்டுக்கும் சக்கரங்களுக்கும் இடையே நின்று, சாலையின் மேடுபள்ளங்களைத் தான் ஏற்றுக்கொள்வது சஸ்பென்ஷன் அமைப்பாகும். பட்டைவில், சுருள்வில், அதிர்வைத் தணிக்கும் ஷாக் அப்சார்பர், அச்சு ஆகியவை இதன் முக்கிய உறுப்புகள். எஞ்சின் பழுதானால் வண்டி நின்றுவிடும். இவ்வுறுப்புகளுள் ஒன்று ஓட்டத்தில் முறிந்தாலோ, வண்டி நிற்பதற்கு மாறாகத் தன் வழியைவிட்டு விலகக்கூடும்.

வில் முறிந்ததென்று உரிமையாளர் முறையிடும்போது, “சாலை சரியில்லை, பாரம் மிகுதி” என்னும் விடை பெரும்பாலும் ஆயத்தமாகவே இருக்கும். அது உண்மையாகவும் இருக்கலாம். உண்மையா, அன்றா என்பதை முறிந்த துண்டைக் கொண்டே அறிய வழியுண்டு.

ஒரே அடியில் முறிந்த எஃகின் முறிமுகம் முழுவதும் ஏறத்தாழ ஒரே தன்மையாய்க் கரடுமுரடாக இருக்கும். பல்லாயிரம் முறை வளைந்து நிமிர்ந்து, உலோகச் சோர்வினால் முறிந்ததன் முகமோ இரு பகுதிகளாகத் தோன்றும். ஒரு பகுதி வழவழப்பானது. அதில் கடற்கரை மணலில் அலை விட்டுச் சென்ற வரிகளைப் போன்ற வளைகோடுகளைப் பல சமயங்களில் காணலாம். எஞ்சிய பகுதி கரடானது. இறுதியில் சடுதியாக முறிந்தது அதுவே. வளைகோடுகள் எப்புள்ளியைச் சுற்றி அமைந்துள்ளனவோ, அங்கேதான் விரிசல் பிறந்தது. அவ்விடத்தை உருப்பெருக்கியால் நோக்கினால் ஒரு கீறலோ, துருக்குழியோ, எஃகினுள் சிக்கிய கசடோ தென்படலாம். உலையில் காய்ச்சும்போது மேற்பரப்பு கரியை இழந்து மென்மையாகிவிட்டதும் காரணமாகலாம். இதனை மெருகிட்ட குறுக்குவெட்டும் கடினச் சோதனையும் காட்டிக்கொடுக்கும். ஆதலால் முறிந்த துண்டுகளை ஒன்றோடொன்று பொருத்திப் பார்த்துத் தேய்த்துவிடலாகாது. உலர்ந்த காகிதத்தில் தனித்தனியே சுற்றி வைத்தல் வேண்டும். நம் பட்டறைகளில் இவை பழைய இரும்போடு சேர்ந்து மறைந்துபோவது வருந்தத்தக்கது.

ஒரு துண்டு ஒரு வண்டியின் கதையையே கூறும். குறை அந்த வகை வண்டி முழுவதற்கும் உரியதா என்பதைப் பல முறையீடுகளைத் தொகுத்தே அறியலாம். “வண்டி ஆடுகிறது” என்று மட்டும் எழுதுவதால் பயன் சிறிது. தயாரித்த ஆண்டு, ஓடிய கிலோமீட்டர், ஏற்றிய பாரம், முறிந்த பக்கம், ஓடிய ஊர் ஆகியவை வேண்டும்.

ஊரின் பெயர் எவ்வளவு உதவும் என்பதற்கு ஃபோர்டு விண்ட்ஸ்டார் வண்டி சான்றாகும். பின் அச்சு முறிகிறது என்னும் உரிமையாளர் முறையீடுகளின்பேரில் 2010-இல் அமெரிக்காவின் நெடுஞ்சாலைப் போக்குவரத்துப் பாதுகாப்பு நிர்வாகம் விசாரணை தொடங்கியது. பனியை உருக்கச் சாலையில் உப்புத் தூவும் மாநிலங்களே இக்குறையின் களம். உப்புநீர் அச்சில் தேங்கி அரிக்க, அரித்த இடத்தில் சோர்வு விரிசல் வளர்ந்தது. அதே ஆண்டில், 1998 முதல் 2003 வரையிலான மாதிரிகளில் அமெரிக்காவிலும் கனடாவிலுமாக ஏறத்தாழ 5,75,000 வண்டிகள் திரும்ப அழைக்கப்பட்டன.

இந்தியாவில் 2019-ஆம் ஆண்டுத் திருத்தத்தால் மோட்டார் வாகனச் சட்டத்தில் 110ஏ பிரிவு சேர்ந்தது. உரிமையாளர்களுள் குறித்த விகிதத்தினர் முறையிட்டாலும், சோதனை நிலையமோ பிற வழியோ குறையைத் தெரிவித்தாலும், வண்டிகளைத் திரும்ப அழைக்குமாறு மத்திய அரசு ஆணையிடலாம். இதற்கான விதிகள் 2021 ஏப்ரல் முதல் நாள் நடைமுறைக்கு வந்தன. அவை ஏழு ஆண்டுக்கு உட்பட்ட வண்டிகளையே கருதுகின்றன. தயாரிப்பில் நேர்ந்த கீறலுக்கும் கசடுக்கும் இக்காலம் பெரும்பாலும் போதும். அரிப்போ மெல்ல வேலை செய்வது. விண்ட்ஸ்டார் வண்டிகளுள் பெரும்பாலானவை அழைக்கப்பட்டபோது ஏழு ஆண்டைக் கடந்திருந்தன. உப்புக்காற்று வீசும் நம் கடற்கரை நகரங்களில் பத்தாண்டு கடந்த வண்டிகளும் ஓடுகின்றன என்பதை விதி வகுப்போர் கருதுதல் நன்று.