கணினி கட்டடம் கட்டலாம், கணக்கை யார் பார்ப்பது?

அடுக்குமாடி வீட்டில் வசிக்கும் நாம், தலைக்கு மேல் பத்து மாடிகள் இருந்தாலும் கவலையின்றித் தூங்குகிறோம். அந்த நிம்மதிக்குப் பின்னால் கட்டமைப்புப் பொறியாளரின் கணக்கு இருக்கிறது. அவர் வேலை செய்யும் முறையை இப்போது ‘பிம்’ எனப்படும் கட்டடத் தகவல் மாதிரி மாற்றியுள்ளது.

முன்பெல்லாம் கட்டடக் கலைஞருக்கு ஒரு வரைபடம், பொறியாளருக்கு ஒன்று, குளிர்சாதனக் குழாய் போடுபவருக்கு மற்றொன்று. உத்திரம் போகும் இடத்திலேயே குழாயும் போவது, கட்டுமானத் தளத்தில்தான் தெரியவரும். அவசரத்தில் உத்திரத்தைத் துளைத்தால் அதன் பலம் குறையும்.

பிம் முறையில் கட்டடம் முதலில் கணினிக்குள் முழுமையாக எழுப்பப்படுகிறது. அதில் தூண் என்பது வெறும் கோடு அல்ல. அதன் அகலம், உயரம், கான்கிரீட்டின் தரம், உள்ளே வரும் இரும்புக் கம்பிகள் ஆகிய எல்லாத் தகவல்களும் அதனுடன் சேர்ந்தே இருக்கும். தூணின் அளவை மாற்றினால் எல்லா வரைபடங்களிலும் அது மாறிவிடும். தேவைப்படும் கான்கிரீட்டின் அளவும் மாறும். குழாயும் உத்திரமும் மோதினால் கணினியே காட்டிக்கொடுக்கும்.

சிங்கப்பூரில் 20,000 சதுர மீட்டருக்கு மேற்பட்ட புதிய கட்டடங்களின் கட்டடக்கலைத் திட்டங்களை இம்முறையில் சமர்ப்பிப்பது 2013 ஜூலையில் கட்டாயமானது. பொறியியல் திட்டங்களுக்கு 2014 ஜூலையில் அது விரிவடைந்தது. 2015 ஜூலையில் வரம்பு 5,000 சதுர மீட்டராகக் குறைக்கப்பட்டது.

அப்படியானால் இனிமேல் தவறே நடக்காதா? நம் ஊரில் நடந்த இரண்டு விபத்துகளை நினைத்துப் பார்ப்போம்.

1986 மார்ச் 15ஆம் தேதி, சிராங்கூன் சாலையில் ஹோட்டல் நியூ வோர்ல்ட் இருந்த ஆறு மாடிக் கட்டடம் இடிந்து விழுந்தது. 33 பேர் மாண்டனர். கட்டடத்தின் சொந்த எடையே கணக்கில் சேர்க்கப்படவில்லை என்பது விசாரணையில் வெளிவந்தது. இது எவ்வளவு பெரிய தவறு? ஒரு கன மீட்டர் கான்கிரீட் சுமார் 2,400 கிலோ இருக்கும். 15 சென்டிமீட்டர் தடிப்புள்ள தளத்தில் ஒரு சதுர மீட்டரின் எடை மட்டுமே 360 கிலோ. வீடுகளில் ஆட்களுக்கும் சாமான்களுக்கும் பொதுவாக ஒதுக்கப்படும் எடையோ சுமார் 150 கிலோதான். பெரிய பாரத்தை விட்டுவிட்டுச் சிறிய பாரத்தை மட்டும் கணக்கிட்டால் தூண் எப்படித் தாங்கும்?

பிம் மாதிரியில் கான்கிரீட்டின் கன அளவு பதிவாகியிருக்கும். அதைக் கொண்டு சொந்த எடையைக் கணினியே கூட்டிவிட முடியும். இது பெரிய பாதுகாப்புதான்.

ஆனால் 2004 ஏப்ரல் 20ஆம் தேதி நிக்கல் நெடுஞ்சாலை அருகே ரயில் சுரங்கப் பணியில் ஏற்பட்ட சரிவு வேறொரு பாடத்தைத் தந்தது. நால்வர் உயிரிழந்தனர். அங்கே கணினிக் கணக்கு போடப்பட்டிருந்தது. ஆனால் களிமண்ணின் பலத்தைக் கூடுதலாகக் காட்டும் முறையில் அது போடப்பட்டிருந்தது. முட்டுக்கொடுத்த எஃகுச் சட்டங்களின் இணைப்பும் பலவீனமாக வடிவமைக்கப்பட்டிருந்தது.

இதைத்தான் நாம் மறந்துவிடக்கூடாது. பாரத்தைக் கணக்கிடும்போது பிம் மாதிரியிலுள்ள உத்திரம் மீண்டும் ஒரு கோடாகச் சுருக்கப்படுகிறது. அதன் முனை தூணோடு இறுகியிருக்கிறதா, சற்று அசைய இடம் இருக்கிறதா, அடியில் உள்ள மண் எப்படிப்பட்டது என்பதையெல்லாம் முடிவு செய்பவர் பொறியாளர். அந்த முடிவு தவறானால் திரையில் வண்ணப்படம் அழகாகவே தெரியும். விடைதான் தவறாக இருக்கும்.

ஓர் எளிய சோதனை உண்டு. கட்டடத்தின் மொத்தப் பாரத்தைக் கையால் கணக்கிட வேண்டும். அடித்தளத்தில் இறங்கும் பாரம் என்று கணினி சொல்லும் தொகையோடு அதை ஒப்பிட வேண்டும். இரண்டும் ஏறக்குறைய ஒத்துப்போகவில்லை என்றால் எங்கோ பிழை இருக்கிறது.

1989ஆம் ஆண்டின் கட்டடக் கட்டுப்பாட்டுச் சட்டம், பெரிய கட்டடங்களின் கணக்கை வேறொரு தகுதிபெற்ற பொறியாளர் தனியே சரிபார்க்க வேண்டும் என்றது. பிம் வந்த பிறகும் அந்தத் தேவை தீரவில்லை.

பொறியியல் படிக்கும் நம் பிள்ளைகள் இந்த மென்பொருள்களை அவசியம் கற்க வேண்டும். அதோடு ஒரு தாளும் பென்சிலும் எடுத்து, கணினி தந்த விடை சரிதானா என்று பார்க்கவும் பழக வேண்டும். அவர்கள் போடும் கணக்கை நம்பித்தான் அந்தக் கட்டடத்தில் குடும்பங்கள் குடியேறப் போகின்றன.