உலை எண்ணெய்: பாதி இரும்புக்கு, பாதி வானத்துக்கு

வீடு கட்டும் கம்பி கும்மிடிப்பூண்டி சிப்காட் வட்டாரத்து உருட்டாலைகளில் உருவாகிறது. பில்லட் என்ற இரும்புக் கட்டையைச் சூளையில் 1,100 முதல் 1,200 டிகிரி செல்சியஸ் வரை காய்ச்சினால்தான் அது உருளைகளுக்கிடையே இளகி நீளும். இதற்கு ஃபர்னஸ் ஆயில் எரிக்கும் ஆலைகளில், விலை ஏறும்போதெல்லாம் லிட்டர் என்ன விலை என்பதே பேச்சு. அந்த விலை ஆலைக்காரர் கையில் இல்லை. ஒரு டன் கம்பிக்கு எத்தனை லிட்டர் எரிகிறது என்பதோ முழுக்க அவர் கையில்தான் இருக்கிறது.

கணக்கு எளிது. ஒரு டன் இரும்பை 1,200 டிகிரிக்குக் கொண்டுவர ஏறத்தாழ 2 லட்சம் கிலோ கலோரி வெப்பம் போதும். ஒரு கிலோ ஃபர்னஸ் ஆயில் சுமார் 10,000 கிலோ கலோரி தரும். ஆக, 20 லிட்டருக்குச் சற்றே கூடுதலாக எரித்தால் வேலை முடிய வேண்டும். சாதாரணச் சூளைகளில் 40 லிட்டரும் அதற்கு மேலும் செலவாகிறது. மிச்சத்தில் பெரும்பங்கு புகைபோக்கி வழியே போகிறது. குளிர்நாட்டு வீடுகளில் எண்ணெய்க் கொதிகலன் தண்ணீரை மட்டும் காய்ச்சுவதால் புகையின் சூட்டைப் பெருமளவு உறிஞ்சிவிடுகிறது. இரும்புச் சூளையிலிருந்தோ புகை பல நூறு டிகிரிச் சூட்டோடு வெளியேறுகிறது. அந்தப் புகை போகும் வழியில் ரெக்யூபரேட்டர் என்ற வெப்பமாற்றியை வைத்து, பர்னருக்குப் போகும் காற்றைச் சூடாக்கலாம். காற்றின் சூடு ஒவ்வொரு 20 டிகிரி ஏறும்போதும் எரிபொருளில் ஏறக்குறைய 1 சதவீதம் மிஞ்சும். காற்றை 200 டிகிரி உயர்த்தினால் டன்னுக்கு 4 லிட்டர் லாபம். பர்னருக்குத் தேவைக்கு மேல் காற்று விட்டால் இரட்டை நஷ்டம்: உபரிக் காற்றைக் காய்ச்சவும் எண்ணெய் போகிறது, இரும்பும் ஆக்ஸிஜனோடு சேர்ந்து செதிலாக உதிர்கிறது. செதிலில் 2 சதவீதம் போனால் டன்னுக்கு 20 கிலோ இரும்பு நஷ்டம்.

சிறிய ஆலைகளுக்கு முதலீடு ஏது என்று கேட்பார்கள். நியாயமான கேள்விதான். ஆனால் காற்றின் அளவைச் சரிசெய்வது, சூளைக் கதவை வீணாகத் திறந்துவைக்காமல் இருப்பது, எண்ணெயை 100 டிகிரிக்கு மேல் காய்ச்சி நன்றாகத் தூவுவது ஆகியவற்றுக்குப் பெரிய முதல் வேண்டாம். உருக்காலையும் உருட்டாலையும் ஒரே வளாகத்தில் இருந்தால், வார்த்த பில்லட்டை ஆறவிடாமல் உருட்டுவது இன்னும் சிறந்தது; மறுபடி காய்ச்சும் செலவே பெருமளவு குறையும். எரிவாயு வரும்போது இதெல்லாம் எதற்கு என்பது இன்னொரு வாதம். எண்ணூரில் இந்தியன் ஆயிலின் திரவ இயற்கை எரிவாயு முனையம் 2019-ல் திறக்கப்பட்டுவிட்டது. ஆனால் இயற்கை எரிவாயு ஜி.எஸ்.டி.க்கு வெளியே நிற்பதால், அதற்குக் கட்டும் வரியை ஆலை உள்ளீட்டு வரியாகக் கழித்துக்கொள்ள முடியாது. எரிவாயுவுக்கு மாறினாலும் ஓட்டைச் சூளை ஓட்டைச் சூளைதான். இன்று பொருத்தும் ரெக்யூபரேட்டர் அன்றும் உழைக்கும்.

ஃபர்னஸ் ஆயிலில் கந்தகம் 4 சதவீதம் வரை இருக்கலாம். தலைநகர் வட்டாரத்தின் காற்றைக் காக்க உச்ச நீதிமன்றம் 2017-ல் ஹரியானா, ராஜஸ்தான், உத்தரப் பிரதேசத்தில் அதைத் தடுத்தது. மிச்சமாகும் ஒவ்வொரு லிட்டரும் ஆலையின் செலவோடு சுற்றியுள்ள ஊர்கள் சுவாசிக்கும் கந்தகத்தையும் குறைக்கும். ஆகவே ஒவ்வொரு ஷிஃப்டிலும் டன்னுக்கு எத்தனை லிட்டர் என்று எழுதிவைப்பதை ஆலைகள் இன்றே தொடங்க வேண்டும்; அளக்காத வரை எந்தச் சிக்கனமும் கைகூடாது.