காலி பிக்கப் வண்டிக்குத் தார்ப்பாய் மூடி

சந்தையில் காய்கறியை இறக்கிவிட்டுக் காலியாகத் திரும்பும் பிக்கப் வண்டியின் பின்கதவைத் தொங்கவிட்டால் டீசல் மிச்சமாகும் என்று பலரும் நம்புகிறார்கள். பெரும்பாலும் நடப்பது நேர்மாறு. கதவு மூடியிருந்தால் தொட்டிக்குள் காற்று ஒரு சுழலாகத் தங்கிவிடும். கூரையைத் தாண்டி வரும் காற்று அதன்மேல் வழுக்கிச் செல்லும். திறந்தால் சுழல் கலைந்து இழுவை கூடும்.

தொட்டியை மூடினால் இன்னும் நல்லது. குறுக்கே மூன்று மூங்கில் கம்புகளைக் கட்டி, மேலே தார்ப்பாயை மத்தளத் தோல்போல் விறைப்பாக இழுத்துக் கட்ட வேண்டும். படபடத்தால் பயனில்லை, கயிறு அவிழ்ந்தாலோ பின்னால் வருபவருக்கு ஆபத்து. வேகம் இருமடங்கானால் காற்றுத் தடை நான்கு மடங்காகும் என்பதால் லாபம் நெடுஞ்சாலையில்தான். வண்டிப்பாதையில் 20 கிலோமீட்டர் வேகத்தில் ஊர்பவர் டயரில் காற்றைச் சரிபார்த்தாலே போதும். கேபின் உச்சியிலிருந்து பின்கதவு வரை பலகையால் சரிவுக் கூரை அடிக்க நினைப்பவர் முதலில் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் அனுமதி பெற வேண்டும்.